‘ஆள் இல்லை’ என்று திரும்பிப் போகும் மனை கம்பெனி கடிதம்: கம்பெனிக்கு 10 ரூபாய் நஷ்டம், உங்களுக்கு மனையே போகலாம்!

தாம்பரம்,

வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடி போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதல் மாதமே கதவு இடுக்கில் ஒரு கவர் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் பெயர் நம்முடையது கிடையாது. நமக்கு முன்னால் குடியிருந்தவர் பெயராக இருக்கும். சில சமயம் அவருக்கும் முன்னால் இருந்தவர் பெயர். உள்ளே பளபள காகிதம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இருந்து பத்தே நிமிடம், சுலபத் தவணை, இலவச சைட் விசிட், மதிய சாப்பாடு உண்டு!

இதை எழுதுகிற நான் சேலையூரில் வாடகை வீட்டில் இருந்தபோது முன்பு குடியிருந்த 2 பேர் பெயரில் மாறி மாறி இப்படிக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. அந்த 2 பேரையும் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்களுக்கு ஊரப்பாக்கத்தில் மனை வாங்கும் ஆசை உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பலர் இதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சிலர் தபால்காரரிடமே, "சார், இந்த ஆளு காலி பண்ணிட்டுப் போயிட்டாரு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படித் திரும்பிப் போகும் கடிதம் எங்கே போகிறது? அதை வைத்து மனை கம்பெனி என்ன செய்கிறது? விளம்பரத்துக்குப் பதிலாக தவணை பாக்கி நோட்டீஸ் அப்படித் திரும்பினால் யாருக்கு ஆபத்து? தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் மாதத் தவணையில் மனை வாங்கியவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய விஷயம் இது.

தபால்காரர் எழுதும் ஒரு வரி

டெலிவரி ஆகாத கடிதத்தின் மேல் தபால்காரர் காரணம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். ‘லெஃப்ட்’ என்றால் வீடு மாறிவிட்டார். ‘டோர் லாக்டு’ என்றால் கதவு பூட்டியிருந்தது. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் வாங்க மறுத்துவிட்டார். ‘இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்’ என்றால் விலாசம் போதவில்லை. ‘நோ சச் பெர்சன்’ என்றால் அப்படி ஓர் ஆளே இல்லை. ‘டிசீஸ்டு’ என்றால் காலமாகிவிட்டார்.

பார்க்க ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு, விளைவும் வேறு. இந்த ஒரு வரிதான் பிற்பாடு கோர்ட்டு வரை போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கவரின் வெளியே அனுப்பியவர் விலாசம் இருந்தால் கடிதம் அவருக்கே திரும்பிவிடும். விலாசமே இல்லை என்றால் அது ஆர்.எல்.ஓ. எனப்படும் அலுவலகத்துக்குப் போகும். அங்கே கவரைப் பிரித்துப் பார்த்து, உள்ளே விலாசம் கிடைத்தால் அனுப்பியவருக்குத் திருப்புவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இதற்கு ‘செத்த கடித ஆபீஸ்’ என்றே பெயர்.

சில மனை கம்பெனிகள் வேண்டுமென்றே கவரில் தங்கள் விலாசத்தைப் போடுவதில்லை. விளம்பரம் என்று தெரிந்தால் ஜனங்கள் பிரிக்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான். ஆனால் அப்படிச் செய்தால் எந்த விலாசம் செல்லும், எது செல்லாது என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். செத்த விலாசத்துக்கே வருஷக்கணக்கில் காசைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

45-ஐ 54 ஆக்கினால் ஆவடி!

நம்ம ஏரியாவில் கடிதம் வழி தவறுவதற்கு என்றே சில விசேஷமான காரணங்கள் உண்டு.

முதலாவது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ந் தேதி வந்த இந்த 6 இலக்க எண்ணில் முதல் 3 இலக்கம் எந்தப் பகுதி என்பதையும், கடைசி 3 இலக்கம் எந்த டெலிவரி தபால் நிலையம் என்பதையும் சொல்கின்றன. மேற்கு தாம்பரம் 600045. கம்ப்யூட்டரில் அவசரமாக அடிக்கும்போது கடைசி இரண்டையும் மாற்றி 600054 என்று அடித்தால் கடிதம் ஆவடிக்குப் போய்விடும். கிழக்கு தாம்பரம் 600059. அதை 600095 என்று அடித்தால் மதுரவாயல். சேலையூர் 600073. மாற்றினால் 600037, முகப்பேர்! மூன்றுமே சென்னையின் மறு பக்கம். ஒரு எண் பிசகினால் போதும், ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்க வேண்டிய கடிதம் பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

வண்டலூர் 600048. அதைத் தாண்டி கூடுவாஞ்சேரி போனால் 603202. ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் பழக்க தோஷத்தில் கூடுவாஞ்சேரிக்காரருக்கும் 600 என்றே போட்டுவிடுவது உண்டு.

இரண்டாவது, ஊர்ப் பெயரும் மாவட்டமும். 2019 நவம்பர் 29-ந் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. தாம்பரம், வண்டலூர் தாலுகாக்கள் அதில் வந்தன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பழைய பட்டியலில் இன்னமும் ‘காஞ்சீபுரம் மாவட்டம்’ என்றே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை, பின்கோடு சரியாக இருந்தால் கடிதம் வந்துவிடும். பெரிய தலைவலி தெருப் பெயர்தான். பத்து ஊர் ஒன்றாகச் சேர்ந்த பிறகு ‘காந்தி தெரு, தாம்பரம் மாநகராட்சி’ என்று எழுதினால் எந்தக் காந்தி தெரு? ஒவ்வொரு நகரிலும் ஒரு காந்தி தெரு, ஒரு பாரதி தெரு, ஒரு முதல் குறுக்குத் தெரு உண்டு. நகர் பெயர் விட்டுப்போனால் தபால்காரர் என்ன செய்வார், பாவம். பழைய நம்பர், புது நம்பர் குழப்பம் வேறு.

மூன்றாவதுதான் முக்கியம். நம்ம ஆட்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லை. வாடகை ஒப்பந்தமே 11 மாசம். சானடோரியம் மெப்ஸில் வேலை பார்க்கிறவர்கள், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் வாடகை ஏறினால் அடுத்த ஏரியாவுக்குப் பெட்டியைக் கட்டுகிறவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீரில் மிதந்தபோது வீட்டைக் காலி செய்தவர்கள் உண்டு. விலாசப் பட்டியல் மட்டும் காலி செய்யாமல் அங்கேயே குடியிருக்கும்.

கம்பெனிக்காரர் கணக்கு

ஒரு மனை கம்பெனி 5 ஆயிரம் பேருக்குக் கடிதம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் வரை தபால்தலை 5 ரூபாய். அச்சு, கவர், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 5 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 50 ஆயிரம் ரூபாய். நூற்றுக்குப் பத்து திரும்பினால் 500 கவர், 5 ஆயிரம் ரூபாய் தண்டம். அதே பட்டியலைத் திருத்தாமல் வருஷத்துக்கு 6 தடவை போட்டால் 30 ஆயிரம் ரூபாய். ஆபீசில் கவர் ஒட்டும் ஒரு பெண்ணுக்கு 2 மாதச் சம்பளத்தைத் தாண்டும் பணம்!

விவரமான கம்பெனியில் திரும்பி வந்த கட்டைக் குப்பையில் போட மாட்டார்கள். ஒவ்வொரு கவரையும் பார்த்து கம்ப்யூட்டர் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே காரணத்தையும் தேதியையும் பதிவு செய்வார்கள். ‘லெஃப்ட்’, ‘நோ சச் பெர்சன்’ என்றால் பட்டியலில் இருந்து நீக்கிவிடுவார்கள். விலாசம் போதவில்லை என்றால் செல்போனில் கூப்பிட்டு நகர் பெயர், பின்கோடு கேட்டுத் திருத்துவார்கள். ‘டோர் லாக்டு’ என்றால் இன்னொரு தடவை அனுப்பிப் பார்ப்பார்கள். மறுத்தவருக்கு மறுபடி விளம்பரம் அனுப்புவது வீண் வேலை. இறந்தவர் பெயருக்கு அனுப்பினால் அந்த வீட்டில் திட்டு விழும். அந்த அம்மா கண்ணீரோடு கவரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் மாதாமாதம் ‘வாழ்த்துக்கள், நீங்கள் அதிர்ஷ்டசாலி’ என்று போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள் தபால் துறையில் புது விலாசத்தைப் பதிவு செய்தால் அது தேசிய அளவில் ஒரு பட்டியலில் ஏறும். மொத்தமாகக் கடிதம் போடும் கம்பெனிகள் அனுப்புவதற்கு முன்பு அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளும். நம்ம ஊரில் கம்பெனிகள் சரிபார்க்க அப்படி ஒரு வசதி கிடையாது. ஆகவே திரும்பி வரும் கவர்தான் ஒரே தகவல். 2025 மே மாதம் தபால் துறை ‘டிஜிபின்’ என்ற 10 எழுத்து முகவரிக் குறியீட்டை அறிமுகம் செய்தது. சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் வரை இடத்தைக் காட்டும். இடத்தைத்தான் காட்டும், அங்கே இப்போது யார் குடியிருக்கிறார் என்று காட்டாது.

அங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. வீட்டை விலைக்குக் கேட்டு உரிமையாளருக்கு புரோக்கர்கள் கடிதம் போடுவார்கள். அது திரும்பி வந்தால் ‘ஆகா, வீடு காலியாகக் கிடக்கிறது போல’ என்று உரிமையாளரைத் தேடிப் பிடிப்பார்கள். நம்ம பக்கம் இதையே வேறு மாதிரி யோசிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மனை கேட்பாரற்றுக் கிடக்குது, சொந்தக்காரருக்கு கடிதம் போட்டால் திரும்பி வருது என்றால் போலி ஆவணம் தயாரிக்கிறவனுக்கு அது நல்ல சேதி. தூரத்தில் மனை வாங்கிப் போட்டவர்கள் அவ்வப்போது பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துக்கொள்வது நல்லது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

விளம்பரம் வேறு, நோட்டீஸ் வேறு

இனிதான் விஷயமே. மேலே சொன்னதெல்லாம் கம்பெனியின் காசு. அடுத்தது உங்கள் காசு.

மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் போடும்போது உங்கள் விலாசத்தை எழுதுவார்கள். அப்போது நீங்கள் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்திருப்பீர்கள். 2 வருஷம் கழித்து பெருங்களத்தூருக்கு மாறியிருப்பீர்கள். தவணை கட்ட ஆபீசுக்கு நேரில் போகிறோமே, அவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிடுவீர்கள்.

ரெரா சட்டத்தின்படி போடும் விற்பனை ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தில் ‘நோட்டீஸ்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. விலாசம் மாறினால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவருக்கொருவர் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழைய விலாசத்துக்கு அனுப்பிய கடிதமே கைக்குக் கிடைத்ததாகக் கருதப்படும். இதுதான் அந்தப் பிரிவின் சாரம். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாருக்குப் பொறுமை இருக்கு!

தவணை பாக்கி விழுந்து, கம்பெனி நோட்டீஸ் அனுப்பி, அது ‘லெஃப்ட்’ என்று திரும்பி, பிறகு ஒதுக்கீடு ரத்து ஆனால் ‘எனக்குக் கடிதமே வரலையே’ என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. ஆனால் கம்பெனியும் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள விதிப்படிதான் ரத்து செய்யலாம் என்று ரெரா சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. காரணம் இல்லாமல் ஒருதலைப்பட்சமாக ரத்து செய்தால் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

தவணைக்கு முன்தேதியிட்ட செக் கொடுத்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். செக் பணமில்லாமல் திரும்பினால், வங்கியில் இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்கு. "நோட்டீஸை வாங்காமலே இருந்துட்டா கேஸ் போட முடியாதுண்ணே" என்று டீக்கடையில் யோசனை சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள்!

2007-ம் ஆண்டு மே மாதம் அலவி ஹாஜி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் பெஞ்சு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் ‘மறுத்துவிட்டார்’, ‘வீட்டில் இல்லை’, ‘வீடு பூட்டியிருந்தது’, ‘கடை மூடியிருந்தது’ என்று திரும்பினாலும் அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே அனுமானிக்கப்படும். 1897-ம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 27-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய வேலை வாங்காதவருடையது. உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவருக்கும் அந்தத் தீர்ப்பில் ஒரு வழி வைத்தார்கள். கோர்ட்டு சம்மன் கைக்கு வந்த 15 நாளுக்குள் செக் பணத்தைக் கட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

கவனியுங்கள், ‘சரியான விலாசம்’ என்பது முக்கியம். கம்பெனி பின்கோடைத் தப்பாக அடித்து, தெருப் பெயரை விட்டு, அதனால் கடிதம் ‘விலாசம் போதவில்லை’ என்று திரும்பினால் இந்த அனுமானம் எளிதில் நிற்காது. அதனால்தான் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல், ஒட்டின ஸ்டிக்கர், முத்திரை, தபால்காரர் எழுத்து எதுவும் அழியாமல் பத்திரமாக வைக்கச் சொல்லி வக்கீல்கள் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்வது. விளம்பரக் கடிதம் திரும்பிய கட்டில் இந்த நோட்டீஸ் கவரும் கலந்து எடைக்குப் போய்விட்டால் கம்பெனி கையில் சாட்சியம் இருக்காது. உங்கள் தரப்புக்கும் அந்தக் கவர்தான் ஆதாரம். கோர்ட்டில் கேட்டு வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை. 2025-ல் அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்டிலேயே கூடுதல் கட்டணம் கட்டி ‘பதிவு’ என்று கேட்டால் விலாசதாரர் கையில் கொடுப்பார்கள். ரசீதில் 2 எழுத்து, 9 எண், கடைசியில் ஐ.என். என்று ஒரு நம்பர் இருக்கும். அதை வைத்து தபால் துறை இணையதளத்தில் கடிதம் எங்கே இருக்கிறது, என்ன காரணத்துக்காகத் திரும்பியது என்று பார்க்கலாம். நாளாகிவிட்டால் தகவல் கிடைக்காமல் போகலாம், உடனே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு உங்கள் புது விலாசத்தை எழுதும்போதும் இப்படித்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னேன், ஆபீசில் இருந்த பெண்ணிடம் சொன்னேன் என்பதெல்லாம் பிறகு எடுபடாது.

கையில் வந்த விளம்பரத்தை உடனே கிழிக்காதீங்க

ரெரா சட்டத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் ரொம்பப் பெரியது. பேப்பரிலும் டி.வி.யிலும் வருவது மட்டும் அல்ல. தபாலில் வரும் சுற்றறிக்கை, நோட்டீஸும் அதில் அடக்கம். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 5,380 சதுர அடி, 2 கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தை மனை பிரித்து விற்பதென்றால் ரெரா பதிவு இல்லாமல் இப்படிக் கடிதமே அனுப்பக் கூடாது. கடிதத்தில் ரெரா இணையதள முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண் போட்டிருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் ஒத்துப் பாருங்கள். ‘விண்ணப்பித்துள்ளோம்’, ‘விரைவில்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் பணம் கட்டாதீர்கள்.

30 அடி ரோடு, பார்க், குடிநீர் என்று கடிதத்தில் போட்டிருப்பதை நம்பி அட்வான்ஸ் கொடுத்து, அது பொய் என்று தெரிந்தால் 12-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அதற்கு அந்தக் கடிதம்தான் சாட்சி. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-வது பிரிவு.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை ஐகோர்ட்டு தடை போட்டபோது புறநகரில் எத்தனை பேர் கையில் ரசீதை வைத்துக்கொண்டு தவித்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மனை விற்றவர் ஆபீசைத் தேடிப் போனால் பூட்டு, கடிதம் போட்டால் ‘லெஃப்ட்’. திரும்பி வருவது நம்ம கடிதமாகவும் இருக்கலாம்! அப்படித் திரும்பிய கவரையும் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருந்தால் புகார் கொடுக்கும்போது உதவும்.

மற்றவர் பெயருக்கு வந்தால்?

பழைய குடித்தனக்காரர் பெயருக்குக் கடிதம் வந்தால் பிரிக்க வேண்டாம். அவருடைய புது விலாசம் தெரிந்தால் பழையதை அடித்துவிட்டு புதியதை எழுதி தபால் பெட்டியில் போடலாம். தெரியாவிட்டால் ‘வீடு மாறிவிட்டார்’ என்று எழுதி தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ், வங்கிக் கடிதம் மாதிரி தெரிந்தால் வீட்டு உரிமையாளரிடம் அவருடைய செல் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் காலி செய்யும்போது பழைய ஏரியா தபால் நிலையத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், கடிதங்களைத் திருப்பி அனுப்புவார்கள். தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்கள் எழுதும்போது நகர் பெயரை விடாதீர்கள். 45-ஐ 54 என்று எழுதிவிடாமல் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.